இணைப்பு திறக்கிறது, ஆனால் சரியான இடத்துக்குத்தானா? விக்கித்தரவின் பொருள் தலைப்பு ஐடிகளில் வரும் கோளாறுகள்

விக்கித்தரவு விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளம், அதில் ஒவ்வொரு விஷயத்துக்கும் உருப்படி என்று ஒரு பக்கம் உண்டு. புத்தகங்களை விஷயவாரியாக வகைப்படுத்த நூலகங்கள் வைக்கும் பெயர்தான் பொருள் தலைப்பு. ஒரு உருப்படிக்கு அப்படிப்பட்ட தலைப்பின் ஐடி ஒன்றைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. சில வருஷம் கழித்தும் அந்த ஐடி அதே விஷயத்தைத்தான் சுட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு. இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அந்தப் பக்கம் நூலகர்கள் தலைப்பை மாற்றுவார்கள், பிரிப்பார்கள், ஒன்றாக்குவார்கள், நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். எதில் கை வைப்பதற்கு முன்பும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐடி எழுதப்பட்ட விதம் சரியா? அந்த ஐடிக்கு அந்தப் பக்கம் பதிவு இருக்கிறதா? இருந்தால், அது இந்த உருப்படி சொல்லும் அதே விஷயமா? முதல் இரண்டையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பார்த்துவிடும். மூன்றாவதை ஆள் உட்கார்ந்து படித்தால்தான் உண்டு. பராமரிப்பு என்ற பெயரில் பலரும் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். உடைந்த இணைப்பை யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நன்றாகத் திறந்து தவறான இடத்தைக் காட்டும் இணைப்பை யாரும் சொல்வதில்லை.

ஒரு பண்பின் எல்லா இணைப்புகளும் ஒரே நாளில் உடைந்துவிட்டன

எந்த உருப்படியையும் தொடாதீர்கள். உருப்படியில் ஒவ்வொரு தகவலும் ஒரு பண்பின் கீழ் வரும், ஒவ்வொரு வகை ஐடிக்கும் பி எண்ணோடு ஒரு பண்பு உண்டு. ஐடி என்பது வெறும் எழுத்துச் சரம்தான். அதை முழு முகவரியாக்குவது பண்பின் பக்கத்தில் இருக்கும் முகவரி வார்ப்பு, அதாவது பி 1630. வெளித்தளம் தன் முகவரி அமைப்பை மாற்றியிருக்கும், அல்லது யாரோ அந்த வார்ப்பைத் திருத்தியிருப்பார்கள். பண்பின் வரலாற்றைப் பாருங்கள். தளமே மாறியிருந்தால் புதிய வார்ப்பைச் சேர்த்து, பழையதை விலக்கப்பட்ட நிலைக்கு (இருக்கும், ஆனால் செல்லாது என்ற குறி) தள்ளுங்கள். பழையதை அழிக்க வேண்டாம். பழைய முகவரியோடு சுற்றும் தரவுகளை அடையாளம் காண அது பின்னால் உதவும்.

திருத்திய பிறகும் சில உருப்படிகளில் பழைய இணைப்பே தெரியும். அது பக்கத் தேக்கம், அதாவது தளம் சேமித்து வைத்த பழைய நகல். அந்தப் பக்கத்தின் தேக்கத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள், சரியாகிவிடும். ஆத்திரப்பட்டு ஆயிரம் உருப்படிகளில் முழு முகவரியைக் கையால் ஒட்டிய ஆட்களும் உண்டு. அதைப் பிறகு எடுக்கிற வேலை முதல் கோளாறைவிடப் பெரிது.

ஒரே ஒரு இணைப்பு மட்டும் ‘கிடைக்கவில்லை’ என்கிறது

பத்தில் ஏழெட்டு முறை ஐடியை எழுதியதில்தான் பிழை இருக்கும். அமைப்புக்கு அமைப்பு வழக்கம் வேறு, அதனால் எங்கே வழுக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் எண்களை எடுத்துக்கொள்வோம், பண்பு பி 244. நூலகப் பதிவுகளில் முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், பழைய அச்சு வடிவங்களில் நடுவே சிறுகோடும் வரும். இணையத்தில் வேலை செய்வது சீராக்கிய வடிவம் மட்டும்தான். அந்த நூலகத்தின் விதி இது: இடைவெளிகளை எல்லாம் நீக்கு, சாய்கோடு இருந்தால் அதையும் அதற்குப் பின்னால் வருவதையும் வெட்டு, சிறுகோடு இருந்தால் அதை எடுத்துவிட்டு, பின்னால் இருக்கும் எண்ணை ஆறு இலக்கம் ஆகும்வரை முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்பு. எஸ்எச் 85-1234 என்று பழைய பட்டியலில் இருந்தால் அது எஸ்எச்85001234 ஆக வேண்டும். சிறுகோட்டை மட்டும் எடுத்து எஸ்எச்851234 என்று விட்டால் ஒன்றும் திறக்காது. முன்னெழுத்தையும் கவனியுங்கள். ‘எஸ்எச்’ என்றால் பொருள் தலைப்பு, ‘என்’ என்று தொடங்கினால் பெயர்ப் பட்டியல். இரண்டும் ஒரே பண்பில்தான் வருகின்றன, ஆனால் வெவ்வேறு கோப்புகள்.

காங்கிரஸ் நூலகத் தலைப்புகளிலிருந்து பிறந்த ஃபாஸ்ட் பட்டியலின் ஐடியில், பண்பு பி 2163, இதற்கு நேர்மாறான சிக்கல். நூலகப் பதிவில் ‘எஃப்எஸ்டி’ என்ற முன்னொட்டும் பூஜ்யம் நிரப்பிய எண்ணும் இருக்கும். முகவரியில் முன்னொட்டும் கிடையாது, முன்பூஜ்யமும் கிடையாது. பதிவிலிருந்து அப்படியே நகலெடுத்தால் ஓடாது.

மெஷ் என்பது மருத்துவத் தலைப்புகளின் பட்டியல், அதில் முழுத் தலைப்புக்கு விவரிப்பான் என்று பெயர். மெஷ் விவரிப்பான் ஐடி பி 486. பழையவற்றில் ‘டி’ எழுத்துக்குப் பின் ஆறு இலக்கம், புதியவற்றில் ஒன்பது. நீரிழிவுக்கு டி003920, கோவிட்-19க்கு டி000086382. ஆறு இலக்கம்தான் வரும் என்று நம்பி எழுதிய பழைய சரிபார்ப்பு நிரல், புதிய ஐடிகள் எல்லாவற்றையும் தவறு என்று அடித்துவிடும். உங்கள் பட்டியலில் புதிய தலைப்புகள் மட்டும் விழுகின்றன என்றால் முதலில் நிரலைச் சந்தேகியுங்கள். மெஷ்ஷின் மர எண்ணை ஐடி என்று நினைத்துப் போடுவதும் வழக்கமாக நடக்கிறது. மர எண் படிநிலையில் இருக்கும் இடத்தைச் சொல்வது. படிநிலையைத் திருத்தினால் அதுவும் மாறும், ஒரே தலைப்புக்கு இரண்டு மூன்று மர எண்களும் இருக்கலாம். அதற்குத் தனிப் பண்பு இருக்கிறது.

ஜெர்மன் தேசிய நூலகத்தின் ஜிஎன்டி ஐடிகளில் கடைசி எழுத்து சரிபார்ப்பு இலக்கம், அது எண்ணாக இல்லாமல் எக்ஸ் என்றும் வரலாம். பொருள் தலைப்புகளில் அதற்கு முன்னால் சிறுகோடு உண்டு. ‘எண்கள் மட்டும்’ என்று வடிகட்டும் நிரல் இரண்டையும் தின்றுவிடும்.

அப்புறம் விரிதாள். முன்பூஜ்யம் உள்ள ஐடிகளை விரிதாள் எண்ணாக எடுத்துக்கொண்டால் பூஜ்யங்கள் போய்விடும். ஆட்களையும் அமைப்புகளையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்என்ஐ, ஜப்பானியத் தேசிய நாடாளுமன்ற நூலக ஐடி இரண்டிலும் இது நடக்கும். பல நாட்டு நூலகங்களின் பெயர்ப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் வியாஃபின் நீண்ட ஐடிகள் இருபது இலக்கத்தையும் தாண்டும், விரிதாள் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது, மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பார்க்க எண் மாதிரியே இருக்கும், ஆனால் யாருடையதும் இல்லை. பத்தியைத் திறக்கும்போதே ‘உரை’ என்று அறிவித்துவிடுங்கள். சேமித்த பிறகு வடிவமைப்பை மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

இத்தனையும் பார்த்தும் ஐடி சரியாகவே தெரிகிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டியிருக்கும். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது பூஜ்ய அகல இடைவெளியோ திசைக் குறியோ சேர்ந்து வரும். ஐடியின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். எட்டு எழுத்துள்ள சரத்தின் நீளம் ஒன்பது என்று வந்தால் ஆள் சிக்கினார்.

பழைய ஐடி வேறு ஐடிக்குத் தாவுகிறது

அந்தப் பக்கம் இரண்டு பதிவுகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள். புதிய ஐடியைச் சேருங்கள். பழையதை நீக்கத் தோன்றும், நீக்காதீர்கள். அதை விலக்கப்பட்ட நிலைக்கு மாற்றி, பி 2241 வழியாகக் காரணமும் எழுதுங்கள்: வழிமாற்றா, திரும்பப் பெறப்பட்டதா என்று. உலகத்தின் பல நூலகப் பட்டியல்களில் அந்தப் பழைய எண் இன்னும் கிடக்கும். அதை வைத்துத் தேடி வருபவருக்கு விக்கித்தரவு வழி காட்ட வேண்டாமா? இன்னொரு காரணமும் உண்டு. அழித்த ஐடியை அடுத்த மாதம் ஏதாவது ஒரு தானியங்கி நிரல் நல்ல பிள்ளையாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். விலக்கிய நிலையில் அங்கேயே இருந்தால் பெரும்பாலான தானியங்கிகள் ‘ஏற்கனவே இருக்கிறது’ என்று விலகிப்போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். தாவுகிற இடம் அதே விஷயமாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். குறுகிய தலைப்பு ஒன்றை ஒழித்து, அகன்ற தலைப்பில் கரைத்திருக்கலாம். அப்போது புதிய ஐடி உங்கள் உருப்படிக்குச் சேராது, அகன்ற விஷயத்தின் உருப்படிக்குத்தான் சேரும்.

இணைப்பு திறக்கிறது, ஆனால் அங்கே வேறு தலைப்பு இருக்கிறது

மூன்று வாய்ப்புகள். முதலாவது தீங்கில்லாதது: பெயர் மட்டும் மாறியிருக்கும். காங்கிரஸ் நூலகம் 2010இல் ‘குக்கரி’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘குக்கிங்’ என்று மாற்றியது. விஷயம் அதேதான். பதிவில் ‘இதற்கு முன் பயன்பட்ட பெயர்’ என்று பழைய சொல் இருக்கும். அது இருந்தால் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது, விஷயமே பிரிந்திருக்கும். அதே நூலகம் 2021 நவம்பரில் ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ என்ற தலைப்பைக் கைவிட்டு, ‘நான்சிட்டிசன்ஸ்’, ‘இல்லீகல் இமிக்ரேஷன்’ என்ற இரண்டைக் கொண்டுவருவதாக அறிவித்தது. ஒன்று ஆட்களைப் பற்றியது, மற்றது நிகழ்வைப் பற்றியது. ‘நான்சிட்டிசன்ஸ்’ முன்பிருந்த தலைப்பைவிட அகன்றதும்கூட. பெயர் மாற்றம் என்று நினைத்து இங்கே ஒன்றுக்கொன்று மாற்றினால், குடியேற்றத்தைப் பற்றிய உருப்படியும் ஆட்களைப் பற்றிய உருப்படியும் குழம்பிவிடும். பழைய தலைப்பைச் சுட்டிய ஒவ்வொரு உருப்படியையும் திறந்து, அது எதைப் பற்றியது என்று படித்துத்தான் பிரிக்க வேண்டும். குறுக்கு வழி இல்லை.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: அந்தப் பக்கம் அப்படியே இருக்கும், இந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். ‘படகு’ என்று இருந்த உருப்படியை, யாரோ தன் மொழி விக்கிப்பீடியாக் கட்டுரையை ஒட்டிப் ‘படகோட்டம்’ என்று விவரித்திருப்பார். கியூ எண் (உருப்படியின் அடையாள எண்) மாறவில்லை, ஐடி மாறவில்லை, உறவு மட்டும் அறுந்துவிட்டது. உருப்படியின் வரலாற்றில் விவரிப்பும் ‘இதன் ஒரு வகை’ கூற்றும் எப்போது மாறின என்று பாருங்கள். ஐடி சேர்ந்த தேதிக்குப் பிறகு மாறியிருந்தால், ஐடியை அல்ல, அந்தத் திருத்தத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரே ஐடி இரண்டு உருப்படிகளில் இருக்கிறது

கட்டுப்பாட்டு மீறல் பட்டியலில், அதாவது பண்பின் விதிக்குப் பொருந்தாதவற்றை விக்கித்தரவு காட்டும் இடத்தில், அதிகம் வருவது இதுதான், அவசரத்தில் அதிகம் கெடுவதும் இங்கேதான். ‘ஒரே ஐடி, அப்படியானால் இரண்டும் ஒன்றுதான்’ என்று ஒன்றிணை பொத்தானை அழுத்தும் பழக்கம் வேண்டாம்.

கோவிட்டையே பாருங்கள். விக்கித்தரவில் நோய்க்கு ஒரு உருப்படி, கியூ 84263196. வைரஸுக்கு இன்னொன்று, கியூ 82069695. பெருந்தொற்று என்ற நிகழ்வுக்கு மூன்றாவது, கியூ 81068910. மெஷ்ஷில் நோய்க்கும் வைரஸுக்கும் தனித்தனி விவரிப்பான்கள் உண்டு. ‘பெருந்தொற்றுகள்’ என்றும் ஒரு தலைப்பு உண்டு, ஆனால் அது எல்லாப் பெருந்தொற்றுகளுக்கும் பொதுவானது. காங்கிரஸ் நூலகம் நோயை ஒரு தலைப்பாகவும், 2020இல் தொடங்கிய பெருந்தொற்றைத் தனித் தலைப்பாகவும் வைத்தது. ஆக, நோயின் மெஷ் ஐடி பெருந்தொற்று உருப்படியிலும் இருந்தால் உருப்படிகளை இணைக்கக்கூடாது, ஐடியை ஒரு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: 2020இல் மெஷ் இந்த நோயை முழு விவரிப்பானாக வைக்கவில்லை. ‘சி’ எழுத்தில் தொடங்கும் துணைப் பதிவாகத்தான் வைத்திருந்தது. 2021 பதிப்பில்தான் ‘டி’ எழுத்து ஐடி வந்தது. அந்தக் காலத்தில் சேர்த்த தரவுகளில் ‘சி’ ஐடி இன்னும் கிடந்தால் அது இந்தக் கதைதான்.

ஒரு ஐடி நியாயமாகவே இரண்டு உருப்படிகளுக்குப் பொருந்தும் இடமும் உண்டு. நூலகத் தலைப்புகள் புத்தகங்களை வகைப்படுத்தப் பிறந்தவை, உலகத்தைத் துண்டுபோடப் பிறந்தவை அல்ல. ‘படகுகளும் படகோட்டமும்’, ‘நன்மையும் தீமையும்’ என்று இரட்டைத் தலைப்புகள் காங்கிரஸ் நூலகப் பட்டியலில் இருக்கின்றன. விக்கித்தரவிலோ படகு வேறு, படகோட்டம் வேறு. இங்கே பி 4390 என்ற குவாலிஃபையரை, அதாவது கூற்றோடு சேரும் துணைக்குறிப்பை, பயன்படுத்துங்கள். பொருத்தம் எந்த வகை என்று அது சொல்லும்: சரிப்பொருத்தம், அண்மைப் பொருத்தம், அகன்ற பொருத்தம், குறுகிய பொருத்தம். இந்தப் பாகுபாடு இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2009இல் பரிந்துரையாக்கிய, சொற்பட்டியல்களுக்கான ஸ்கோஸ் தரநிலையிலிருந்து வந்தது. படகு உருப்படியிலிருந்து பார்த்தால் இரட்டைத் தலைப்பு அகன்றது, ஆகவே ‘அகன்ற பொருத்தம்’.

திசையில் தடுமாறாதவர் குறைவு. விதி எளிதுதான்: சொல் வெளித்தலைப்பைப் பற்றியது. ‘அகன்ற’ என்றால் அங்கே இருப்பது அகன்றது. சந்தேகம் வந்தால் ‘என் உருப்படியைவிட அந்தத் தலைப்பு…’ என்று வாக்கியத்தைத் தொடங்கிப் பாருங்கள்.

சரிப்பொருத்தத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள். ஸ்கோஸில் சரிப்பொருத்தம் சங்கிலியாக நீளும். அ, ஆ இரண்டும் சரிப்பொருத்தம், ஆ, இ இரண்டும் சரிப்பொருத்தம் என்றால் அ, இ இரண்டும் அப்படித்தான் என்று எந்திரம் முடிவுகட்டும். நடுவில் ஒன்று தவறினாலும் தவறு சங்கிலி முழுக்க ஓடும். அண்மைப் பொருத்தத்துக்கு அந்தக் குணம் இல்லை. அரைகுறை நம்பிக்கைக்கு அதுவே பாதுகாப்பு.

இத்தனையும் பார்த்த பிறகு இரண்டு உருப்படிகளும் உண்மையிலேயே ஒன்றுதான் என்றால், தாராளமாக ஒன்றிணையுங்கள். வழக்கமாகப் புதிய எண் பழைய எண்ணுக்கு வழிமாற்றாகும். இணைக்க விடாமல் பிழை காட்டினால், ஒரு உருப்படி மற்றதைச் சுட்டும் கூற்று எங்கோ இருக்கிறது. அது ‘இதிலிருந்து வேறுபட்டது’ என்ற பி 1889 ஆக இருந்தால் நில்லுங்கள். உங்களுக்கு முன்பே யாரோ யோசித்து இணைக்கவேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்.

ஒரே உருப்படியில் இரண்டு ஐடி

சுருக்கமாகப் பார்க்கலாம். இரண்டையும் திறங்கள். இரண்டும் ஒரே இடத்துக்குப் போனால் மேலே சொன்ன வழிமாற்றுக் கதை. இரண்டு தனிப் பதிவுகள், ஆனால் விஷயம் ஒன்றே என்றால் வெளிப்பட்டியலில்தான் இரட்டிப்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர்களுக்குத் தெரிவியுங்கள். இரண்டும் வெவ்வேறு விஷயம் என்றால் ஐடியைவிட உருப்படியைச் சந்தேகியுங்கள். இரண்டு விஷயங்களை ஒரே உருப்படியில் யாரோ குவித்திருக்கலாம். பிரிக்கும்போது மொழிவாரி விக்கிப்பீடியா இணைப்புகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் கடினமான பகுதி. ஐடி தானாகப் பின்தொடரும்.

நீக்கிய தவறான ஐடி திரும்பத் திரும்ப வருகிறது

பொறுமையைச் சோதிக்கும் கோளாறு. காரணம் யாருடைய பிடிவாதமும் அல்ல, தரவு சுற்றி வருவதுதான்.

பெயர்களில் இது நன்றாகத் தெரியும். வியாஃப் பல தேசிய நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை எந்திரம் வைத்துக் கொத்தாக்குகிறது, விக்கித்தரவையும் ஒரு மூலமாக எடுத்துக்கொள்கிறது. விக்கித்தரவின் தானியங்கிகளோ வியாஃப் கொத்தைப் பார்த்து ஐடிகளைச் சேர்க்கின்றன. காங்கிரஸ் நூலகத்தின் தரவுத் தளமும் 2019 முதல் விக்கித்தரவு இணைப்புகளைக் காட்டுகிறது. ஒரு தவறான பி 244 இந்த வட்டத்தில் நுழைந்தால் சில மாதங்களில் மூன்று இடங்களிலும் தெரியும். பார்ப்பவர் ‘மூன்று மூலங்கள் ஒத்துக்கொள்கின்றன’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார். மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

பொருள் தலைப்புகள் வியாஃபில் கிடையாது. அங்கே வட்டம் வேறு வழியில் சுற்றும். ஜிஎன்டியில் காங்கிரஸ் நூலகத் தலைப்புகளுக்கும் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் ராமோ தலைப்புகளுக்கும் பொருத்தங்கள் உண்டு. ஃபாஸ்ட் முழுவதும் காங்கிரஸ் நூலகத் தலைப்புகளிலிருந்து பிறந்தது. ஒன்றில் இருக்கும் பொருத்தத்தை நம்பி மற்றதைச் சேர்த்தால் தவறு படியிறங்கி வரும்.

வட்டத்தை உடைக்கும் முறை இது. ஐடிக் கூற்றின் மேற்கோளைப் பாருங்கள். ‘வியாஃபிலிருந்து எடுத்தது’, ‘விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தது’ என்று இருந்தால் அதைச் சான்றாக எண்ண வேண்டாம். நேரே மூலப் பதிவுக்குப் போய் நான்கு இடங்களைப் படியுங்கள்: எல்லைக் குறிப்பு, மேல் தலைப்பு, மாற்றுப் பெயர்கள், பதிவை உருவாக்கியவர் பார்த்த ஆதாரக் குறிப்பு. தலைப்பின் பெயர் மட்டும் பொருந்துவது எதையும் நிரூபிக்காது. மேல் தலைப்பும் பொருந்தினால் நம்பலாம்.

தவறு உறுதியானால் நீக்கிவிட்டுப் போகாமல், விலக்கப்பட்ட நிலையில் காரணத்தோடு வையுங்கள். சரியான உருப்படியில் அதே ஐடியைச் சேருங்கள். இரண்டு உருப்படிகளுக்கும் நடுவே பி 1889ஐ இரு திசையிலும் போடுங்கள். அடுத்து வரும் தானியங்கிக்கும் மனிதருக்கும் இது தடுப்பு. பிறகுதான் வெளியே எழுத வேண்டும். இங்கே சரிசெய்யாமல் அங்கே எழுதினால், அவர்களுடைய அடுத்த இறக்குமதி பழையதையே எடுத்துக்கொள்ளும்.

உருப்படிப் பக்கத்தில் ஐடி தெரிகிறது, வினவலில் வரவில்லை

முதலில் தரநிலை: ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னுரிமை, சாதாரணம், விலக்கப்பட்டது என்று மூன்றில் ஒன்று இருக்கும். விக்கித்தரவைக் கேள்வி கேட்டுத் தரவெடுக்கும் வினவல் சேவையில் ‘டபிள்யூடிடி’ என்ற சுருக்கப் பாதை மிகச் சிறந்த தரநிலையில் இருக்கும் கூற்றுகளை மட்டும் தரும். ஒரு ஐடிக்கு முன்னுரிமை கொடுத்தால், பக்கத்தில் சாதாரண நிலையில் இருக்கும் இன்னொரு நல்ல ஐடி மறைந்துவிடும். விலக்கப்பட்டவை எப்போதும் வராது. எல்லாம் வேண்டும் என்றால் கூற்றின் முழுப் பாதையில் போய், தரநிலையையும் சேர்த்துக் கேளுங்கள். பராமரிப்பு வினவல்களை எப்போதும் இப்படித்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் நீங்களே விலக்கி வைத்த ஐடியை ‘காணவில்லை’ என்று மறுபடி சேர்ப்பீர்கள்.

இப்போதுதான் சேர்த்தது என்றால் வினவல் சேவைக்குப் பின்னடைவு இருக்கும், கொஞ்சம் பொறுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிய உருப்படி என்றால், 2025இல் வினவல் தரவை இரண்டாகப் பிரித்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனி முனையத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய வினவல் பிழை எதுவும் காட்டாமல் வெறுமனே குறைவான விடை தரும்.

உங்கள் சொந்தத் தரவோடு ஒப்பிடும்போது மட்டும் ஒன்றும் பொருந்தவில்லையா? முகவரியின் தலையைப் பாருங்கள். விக்கித்தரவு உருப்படியின் முறையான முகவரி ‘எச்டிடிபி’ என்று தொடங்கி ‘என்டிட்டி’ பாதையில் முடியும். உலாவியிலிருந்து நகலெடுத்தால் ‘எச்டிடிபிஎஸ்’, ‘விக்கி’ என்று வரும். மனிதருக்கு இரண்டும் ஒன்று, தரவுக்கு இரண்டும் வேறு. காங்கிரஸ் நூலகத்தின் தலைப்பு முகவரிகளும் ‘எச்டிடிபி’ வடிவில்தான் தரவில் இருக்கின்றன. ஜெர்மன் நூலகமோ தன்னுடையதை ‘எச்டிடிபிஎஸ்’ ஆக்கிவிட்டது. ஒரே நிரலில் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக மாற்றினால் ஒன்று சரியாகும், இன்னொன்று கெடும். முகவரியைச் சேமிக்காமல் ஐடியை மட்டும் சேமிப்பதே என் பரிந்துரை. முகவரியை வேண்டும்போது கட்டிக்கொள்ளலாம்.

நீங்கள் சேமித்த கியூ எண் வினவலில் திடீரென்று வெறுமையாக வந்தால், அந்த உருப்படி வேறொன்றோடு இணைந்திருக்கும். வினவல் சேவையில் வழிமாற்று ‘ஓடபிள்யூஎல் சேம்ஆஸ்’ என்ற உறவாக இருக்கும். அதைப் பின்தொடர்ந்து உங்கள் பட்டியலைப் புதுப்பியுங்கள்.

சரிபார்ப்பான் ‘உடைந்தது’ என்கிறது, உலாவியில் நன்றாகத் திறக்கிறது

தளம் திருப்பி அனுப்பும் விடைக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 303 என்றால் கோளாறே இல்லை. தரவு முகவரிகள் மனிதருக்கு ஒரு பக்கம், எந்திரத்துக்கு ஒரு பக்கம் என்று அனுப்பும் முறை அது. 429 என்றால் நீங்கள் மிக வேகமாகக் கேட்டிருக்கிறீர்கள். 403 வந்தால் உங்கள் நிரல் தன்னை யாரென்று சொல்லாமல் போயிருக்கலாம். நிரலின் பெயரும் தொடர்பு முகவரியும் தலைப்புவரியில் இருக்கட்டும், விக்கிமீடியா தளங்கள் அதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. 404, 410 இரண்டை மட்டும் உடைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரே நாள் சோதனையில் முடிவு செய்யாமல், சில நாள் இடைவெளியில் மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள். நேர்மாறும் உண்டு: 200 என்று சொல்லிவிட்டு உள்ளே ‘முடிவுகள் இல்லை’ என்று எழுதியிருக்கும் தளங்கள். அவற்றுக்கு, இல்லாத ஐடி ஒன்றை வேண்டுமென்றே அனுப்பி என்ன வருகிறது என்று பார்த்து, அந்த வாசகத்தைச் சரிபார்ப்பானுக்குக் கற்றுக்கொடுங்கள்.

ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தவறான ஐடிகள் வந்திருக்கின்றன

யாரோ ஓப்பன்ரிஃபைன், குவிக்ஸ்டேட்மென்ட்ஸ் போன்ற மொத்தத் திருத்தக் கருவியில் தொகுதியாக ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திருத்தாதீர்கள். திருத்தச் சுருக்கத்தில் தொகுதிக்கு இணைப்பு இருக்கும். எடிட்குரூப்ஸ் கருவியில் அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பலாம். அதற்கு முன் ஏற்றியவரின் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுவது மரியாதை. பெரும்பாலும் அவரே திருப்பிவிடுவார்.

காரணம் பெயர்ப் பொருத்தமாகத்தான் இருக்கும். ‘மெர்க்குரி’ என்ற தலைப்பு காங்கிரஸ் நூலகத்தில் அடைப்புக்குறி இல்லாமல் வந்தால் பாதரசம், ‘கோள்’ என்று அடைப்புக்குறியில் வந்தால் புதன். விக்கித்தரவில் புதன் கியூ 308, பாதரசம் கியூ 925, இரண்டுக்கும் ஆங்கிலப் பெயர் ஒன்றே. ஏற்றுவதற்கு முன் பெயர்ப் பத்தியைச் சுத்தம் செய்கிறேன் என்று அடைப்புக்குறியை வெட்டினால், வேறுபடுத்திய ஒரே தகவல் போய்விடும். அதைத் தனிப் பத்தியாக எடுத்து, ‘இதன் ஒரு வகை’ கூற்றோடு பொருத்திப் பாருங்கள். மிக்ஸ்’ன்’மேட்ச் என்ற பொருத்தும் கருவியிலும் இதே எச்சரிக்கைதான். தானாகக் காட்டும் பொருத்தம் ஊகம் மட்டுமே. அதை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துபவர்தான் அந்தக் கூற்றுக்குப் பொறுப்பு.

தவறு அந்தப் பக்கம் இருக்கிறது

வெளிப்பட்டியலின் உரிமையாளருக்கு எழுதுங்கள், ஆனால் ‘உங்கள் இணைப்பு தவறு’ என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர்களுடைய ஐடி, அவர்கள் காட்டும் கியூ எண், சரியான கியூ எண், அவர்களுடைய பதிவிலேயே உங்கள் வாதத்தை நிரூபிக்கும் வரி, இந்த நான்கும் ஒரே பத்தியில் இருக்கட்டும். பல பிழைகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கடிதம் போடாமல் ஒரே அட்டவணையாக அனுப்புங்கள். கடிதம் அனுப்பிய தேதியை அந்தப் பண்பின் பேச்சுப் பக்கத்தில் குறித்து வையுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் இன்னொருவர் அதே பிழைக்கு அதே கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பார்.